கரைக்கும் சாலைக்கும் ஒரே வண்டி

“கால் எட்டாத வண்டிக்கு ஏம்மா ஆசைப்படுறே? ஸ்கூட்டர்ல போ, கீழ நின்னு படம் எடுத்துட்டு வா, போதும்” என்று எங்கள் மேலாளர் ஒருமுறை சொன்னார். கேலியாகச் சொல்லவில்லை. அக்கறையாகத்தான் சொன்னார். அதனால்தான் அது அதிகமாக உறுத்தியது.

அம்பத்தூரில் ஒரு சின்ன நில அளவை நிறுவனத்தில் வேலை செய்கிறேன். பூந்தமல்லி, ஆவடிப் பக்கத்து ஏரிக்கரைகளை அளக்கும் வேலை எங்களுக்குக் கிடைத்திருந்தது. கரை எங்கே தாழ்ந்திருக்கிறது, எங்கே அரித்திருக்கிறது என்று பார்த்து வரைபடம் போட்டுக் கொடுக்க வேண்டும். ஐம்பது மீட்டருக்கு ஒருமுறை இறங்கி, குச்சியை நட்டு, கருவியில் பச்சை விளக்கு எரிந்ததும் அளவெடுக்க வேண்டும். ஒரு நாளைக்கு மூன்று ஏரி என்று கணக்கு. நடந்தால் முடியாது. காருக்குக் கரையில் இடம் கிடையாது. ஒற்றையடிப் பாதையிலும் ஓடி, அதே வேகத்தில் பைபாஸ் சாலையிலும் ஓடக்கூடிய பைக் வேண்டும். அப்படியொரு வண்டியோடு வருபவர்தான் குழுவுக்குப் பொறுப்பாளர்.

திங்கட்கிழமை காலை எட்டு மணிக்குப் பெயரை எழுதிவிடுவேன் என்று மேலாளர் சொல்லியிருந்தார். என்னிடம் வண்டி இல்லையென்றால் அது தினேஷின் பெயர். தினேஷ் ஆறடி உயரம், நல்ல மனிதர். ஆனால் அவர் வெயிலில் எடுத்துவரும் அளவுகளை நான் மேசையில் உட்கார்ந்து கோடுகளாக மாற்றிக்கொண்டிருப்பேன். மூன்று வருடமாக அதைத்தான் செய்துகொண்டிருக்கிறேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூட வாசலை முதலில் மிதித்தவள் நான். டிப்ளமோ படித்தது மேசையைத் துடைப்பதற்கு இல்லை.

இந்த ஆசையே வவுனியாவில்தான் பிடித்தது. கருவியைப் பழகுவதற்காக அலுவலகம் என்னைப் பத்து நாள் இலங்கைக்கு அனுப்பியிருந்தது. என் முதல் விமானப் பயணம், முதல் கடவுச்சீட்டு. ஆனாலும் அங்கே போய் இறங்கினால் வெளிநாடு மாதிரியே இல்லை. நாம் ஏரி என்பதை அவர்கள் குளம் என்கிறார்கள், கரையைக் கட்டு என்கிறார்கள். மற்றபடி அதே நீர், அதே கொக்கு, அதே வெயில். காலையில் இடியப்பமும் சம்பலும் தட்டில் வைத்தபோது, அந்தச் சம்பலின் காரத்தில் கண்ணில் தண்ணீர் வந்தது. பிளேன் டீ கேட்டால் சீனியைப் போடாமல், கருப்பட்டித் துண்டைத் தனியே கையில் கொடுத்துவிடுகிறார்கள். அதைக் கடித்துக்கொண்டு குடிக்க வேண்டும். முதல் நாள் நான் டம்ளரில் போட்டுக் கலக்கினேன். கடைக்காரம்மா சிங்களத்தில் ஏதோ சொல்லிச் சிரித்தார். “‘இந்தப் பிள்ளைக்குப் பொறுமை இல்லை’ எண்டு சொல்லுறா” என்று மாலினி அக்கா மொழிபெயர்த்தார்.

மாலினி அக்காதான் எனக்கு அங்கே கருவி பழக்கியவர். என்னைவிட இரண்டு விரற்கடை குள்ளம். ஆனால் அவர் ஓட்டியது குதிரை மாதிரி உயர்ந்து நிற்கும் ஒரு பழைய ட்ரெயில் பைக். இடது காலை மிதிகட்டையில் வைத்து, சைக்கிளில் ஏறுவதுபோல வலது காலைத் தூக்கிப் போட்டு, வண்டி நகரும்போதே உட்கார்ந்துவிடுவார். நிறுத்தும்போது ஒரு பக்கமாக நழுவி ஒற்றைக் காலை மட்டும் ஊன்றுவார். எட்டு நாள் அவர் பின்னால் உட்கார்ந்து போனேன். கடைசி இரண்டு நாள் சாயங்காலம் சாவியை என்னிடம் கொடுத்தார். குளக்கட்டின் மேல் இரண்டாவது கியரில், இருபக்கமும் சரிவு இருக்க, நான் தனியாக ஓட்டிக்கொண்டு போனேன். வீட்டுக்கு வந்தும் அந்தச் சத்தம் காதை விட்டுப் போகவில்லை.

ஆகவே இது ஒரு விநோதமான பயணக் கட்டுரை. வெளிநாட்டில் தொடங்குகிறது, ஆனால் அலைச்சல் முழுக்க எங்கள் ஊர்ப் பக்கத்தில்தான். புதன்கிழமை ஆரம்பித்து ஐந்து நாள்.

முதல் காரியமாக, புதன் காலை எங்கள் வீட்டுக்குப் பக்கத்திலிருக்கும் பாரிவாக்கம் ஏரிக்கரைக்குப் போய் டேப் பிடித்தேன். கரை தொடங்கும் இடத்தில் இரண்டு கல்தூண்கள், ஏறக்குறைய என் உயரத்துக்கு. மண் அள்ளும் டிராக்டர்கள் ஏறாமலிருக்க ஊர்க்காரர்கள் நட்டு வைத்தவை. அநேகமாக எல்லாக் கரைகளிலும் இப்படித்தான். இடைவெளி எண்பத்தைந்து சென்டிமீட்டர். நோட்டில் எழுதிக்கொண்டேன். வண்டி எதுவானாலும் இந்தச் சந்தில் நுழைய வேண்டும்.

அன்று மாலையே நைனாவையும், அதாவது அப்பாவையும், கூட்டிக்கொண்டு அம்பத்தூர் ஷோரூமுக்குப் போனேன். நைனா அங்கே தொழிற்பேட்டை எஸ்டேட்டில், தகடு வெட்டும் ஒரு பிரஸ் ஷாப்பில் வேலை பார்க்கிறார். ஷிப்ட் முடிந்து நேராக வந்ததால் சட்டையில் எண்ணெய் வாசம். விற்பனையாளர் என்னைத் தாண்டி அவரிடம் பேசினார்.

“சார், பொண்ணுக்கா? லேடீஸ் ஸ்கூட்டர் எல்லாம் அந்தப் பக்கம் இருக்கு சார்.”

“எனுக்கு ஒண்ணும் தெரியாது சார். அவதான் படிச்சவ, அவ இன்னா சொல்றாளோ அத்த காட்டுங்க” என்றார் நைனா.

மண் பாதைக்கென்றே வந்திருக்கும் இருநூறு சிசி வண்டி ஒன்று மூலையில் நின்றது. முன்சக்கரம் பெரிசு, பின்சக்கரம் சிறிசு. மட்கார்டு சக்கரத்தை ஒட்டாமல் மேலே தள்ளி இருந்தது. சேறு அடைத்துக்கொள்ளாமல் இருக்க அப்படி. நான் பையிலிருந்து டேப்பை எடுத்தேன். கைப்பிடியின் அகலம் எண்பத்திரண்டு. தூண்களுக்கு நடுவே போகும். இருக்கையின் உயரம் என் இடுப்புக்கு மேலே. வண்டிக்கடியில் உட்கார்ந்து தரைக்கும் எஞ்சினுக்கும் நடுவே எவ்வளவு என்று பார்த்தேன். விற்பனையாளர் இன்னொருவரைக் கண்ணால் கூப்பிட்டுக் காட்டினார்.

“இன்னா சார், பீரோ வாங்கற மாதிரி அளக்கறாங்க?”

“பீரோ ஒரே எடத்துல நிக்கும். இது ஓடணுமில்ல?” என்றார் நைனா. எனக்கு அன்றைக்கு அதுவே போதுமானதாக இருந்தது.

எஸ்டேட் சாலையில் ஓட்டிப் பார்க்கக் கொடுத்தார்கள். ஏறுவதில் சிரமம் இல்லை. கியர் மென்மையாக விழுந்தது. பள்ளங்களில் வண்டி என்னைத் தூக்கி எறியாமல் தாலாட்டியது. ஷேர் ஆட்டோ நிறுத்தத்துக்கு எதிரே திடீரென்று ஒரு லாரி குறுக்கே வர, பிரேக் பிடித்தேன். இரண்டு காலையும் ஒரே நேரத்தில் கீழே தேடினேன். இரண்டும் காற்றில். வண்டி மெதுவாக, மரியாதையாக, ஒரு பக்கம் சாய ஆரம்பித்தது. ஆட்டோவில் உட்கார்ந்திருந்த ஒரு அம்மா கையை நீட்டி என் தோளைப் பிடித்து நிறுத்தினார்.

“ஏணி வாங்கிட்டியா கண்ணு?” என்றார். ஆட்டோ முழுக்கச் சிரிப்பு. நானும் சிரித்துவிட்டேன். வேறென்ன செய்வது?

வண்டி பிடித்திருந்தது. ஆனால் இன்று எழுதிக் கொடுத்தால் மூன்று வாரம் கழித்துத்தான் கைக்கு வரும் என்றார்கள். எனக்கு நான்கு நாள்தான் இருந்தது. திரும்பும் வழியில் கையேந்தி பவனில் நைனாவும் நானும் நின்றுகொண்டே பொடி தோசை சாப்பிட்டோம். தட்டின் மேல் வாழையிலைத் துண்டு, அதன்மேல் தோசை, அதன் ஓரத்தில் கெட்டிச் சட்னி. கருப்பட்டியைக் கடித்து டீ குடித்த நாட்களில் நான் மிகவும் ஏங்கியது இந்தச் சட்னிக்காகத்தான்.

வியாழன், வெள்ளி இரண்டு நாளும் அலுவலகம். வெள்ளி மாலை திருமுல்லைவாயில் ஸ்டேஷனில் இறங்கி பாலுவின் பட்டறைக்கு நடந்தேன். பாலு என்னோடு பத்தாவது வரை படித்தவன். கணக்கில் என்னைப் பார்த்து எழுதுவான், வரைபடத்தில் நான் அவனைப் பார்த்து எழுதுவேன். இப்போது பைக் மெக்கானிக்.

“இன்னா மேடம், சிலோன்லர்ந்து எப்ப வந்தே? எனுக்கு ஒரு மிட்டாய் கூட எடுத்துகினு வர்ல.”

“வண்டி வேணும் பாலு. கரைல ஓடணும், பைபாஸ்லயும் ஓடணும். பழசுன்னாலும் பரவால்ல.”

“நம்ம கைல ஒண்ணு கீது. ராஜா மாதிரி கீது. ஆனா ராஜாவாட்டம் வெயிட்டு.”

விற்பதற்காக அவனிடம் வந்திருந்த அந்த வண்டி பெரிய எஞ்சின் கொண்டது, மலைப்பயணம் போகிறவர்கள் வாங்குவது. இருக்கை தாழ்வு. உட்கார்ந்தால் என் இரண்டு பாதங்களும் தரையில் படிந்தன. எனக்கு அதுவே பெரிய சந்தோஷம். சனிக்கிழமை காலை பாலு பின்னால் உட்கார, நான் ஆவடி வழியாகப் பாரிவாக்கம் வரை ஓட்டினேன். சாலையில் அதற்கு இணையே இல்லை. லாரிகளை முந்தினேன். காற்றில் ஆடாமல், சோபாவில் உட்கார்ந்த மாதிரி போனது. இதுதான் என் வண்டி என்று பாதி வழியில் முடிவே செய்துவிட்டேன்.

கைப்பிடி குறுகலானதால் தூண்களைச் சுலபமாகத் தாண்டியது. கரையில் நூறு மீட்டர் போனதும் எதிரே எருமைகள் வந்தன. ஐந்தோ ஆறோ, அவசரமே இல்லாமல். நான் ஓரம் கட்டி நிறுத்தினேன். இடது காலை ஊன்றிய இடத்தில் மண் பொலபொலவென்று சரிந்தது. வண்டி என் பக்கம் சாய்ந்தது. ஷோரூம் வண்டி சாய்ந்தபோது ஒரு அம்மாவின் கை போதுமானதாக இருந்தது. இதை யாராலும் பிடித்திருக்க முடியாது. நான் குதித்துவிட்டேன். வண்டி சரிவில் படுத்து, ஒரு சக்கரம் மட்டும் வானத்தில் சுற்றியது. பாலு எருமைகளின் பக்கம் உருண்டான்.

நானும் அவனும் தூக்கிப் பார்த்தோம். அசையவில்லை. கீழே புல் அறுத்துக்கொண்டிருந்த இரண்டு பெண்கள் கத்தியை இடுப்பில் செருகிக்கொண்டு மேலே ஏறி வந்தார்கள்.

“இன்னாடி பொண்ணு, வண்டிய நீ ஓட்டறியா, வண்டி உன்ன ஓட்டுதா?” என்றாள் மூத்தவள்.

“தூக்கிட்டு அப்பறம் கேளுக்கா” என்றாள் மற்றவள்.

நான்கு பேரும் தூக்கி நிறுத்தினோம். எனக்கு அந்த நிமிடத்தில் ஒன்று உறைத்தது. நான் கரையில் தனியாக இருப்பேன். ஒரு நாளைக்கு நூறு முறை நிறுத்துவேன். ஒரு முறையாவது விழாமலா இருப்பேன்? விழுவதைப் பற்றிக் கவலையில்லை, வவுனியாவிலும் விழுந்திருக்கிறேன். விழுந்த வண்டியை நான் ஒருத்தியே தூக்கி நிறுத்த முடிய வேண்டும். கால் எட்டுகிறதா என்று எல்லோரும் கேட்டார்கள், நானும் அதையே கேட்டுக்கொண்டிருந்தேன். கேட்க வேண்டியது கை தூக்குமா என்று.

“சாலைக்கு ராஜா, கரைக்குப் பொணம்” என்றான் பாலு, முழங்கையைத் துடைத்துக்கொண்டே. “ஒனுக்கு இருநூறுதான் சரி. ஐயப்பன்தாங்கல்ல ஒரு கண்டக்டர் அண்ணாத்தே கிட்ட அந்த ஷோரூம் வண்டியே பழசு ஒண்ணு கீது. விக்கறேன்னு ரெண்டு வருசமா சொல்லிகினு கீறாரு, குடுக்கத்தான் மாட்டேங்கறாரு. போய்ப் பேசிப் பாரு.”

அன்று பிற்பகலே கிளம்பினேன். பூந்தமல்லியில் ஏறிய பஸ் காட்டுப்பாக்கத்தில் மூச்சு வாங்கி நின்றுவிட்டது. டிரைவர் இறங்கி எதையோ தட்டிவிட்டு, “அவ்ளோதான், எல்லாம் எறங்குங்க” என்றார். இலங்கையில் பஸ் நின்றபோது எல்லோரும் அமைதியாக மரத்தடியில் போய் உட்கார்ந்தார்கள், எனக்கு அது ஆச்சரியமாக இருந்தது. இங்கே ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். ஒருவர் எஞ்சினுக்குள் தலையையே விட்டுவிட்டார். பின்னால் வந்த பஸ்ஸில் ஒரு காலை மட்டும் வைத்துத் தொங்கிக்கொண்டு ஐயப்பன்தாங்கல் போய்ச் சேர்ந்தேன்.

கண்டக்டர் அண்ணன் வீடு பஸ் டிப்போவுக்குப் பின்னால். வாசலில் வண்டி எதுவும் இல்லை. ‘உள்ளே வாம்மா’ என்றார். ஹாலில், டிவிக்கும் பீரோவுக்கும் நடுவே, பூப்போட்ட போர்வை போர்த்திக்கொண்டு நின்றது அது. போர்வையின் மேல் துவைத்த துணிகள் மடித்து வைக்கப்பட்டிருந்தன.

“லடாக் போறதுக்கு வாங்கனது” என்றார் அண்ணன்.

“லடாக்கு எங்க கீதுன்னு கேளு, குன்றத்தூர் தாண்டிப் போனதில்ல” என்றார் அவர் மனைவி உள்ளிருந்தே. “வெளிய உட்டா வெயில் படுமாம், மழ படுமாம். சொந்தக்காரங்க வந்தா இதுமேலதான் குந்தறாங்க. நீ எடுத்துகினு போ தாயி, உனுக்குப் புண்ணியமாப் போவும்.”

“லீவு கெடைக்கலம்மா, அதான்…” என்றார் அவர், வண்டியின் டேங்கைத் தடவிக்கொண்டு.

போர்வையை எடுத்தேன். பச்சை நிறம். கீறல்கூட இல்லை. டயர்கள் நான் தேடிய ரகம்: நடுவில் தார்ச்சாலைக்கு நெருக்கமாகவும், ஓரத்தில் மண்ணைப் பிடிக்கக் கட்டை கட்டையாகவும் இருந்தன. டேப்பை எடுத்தேன். கைப்பிடி எண்பத்திரண்டேதான். பிறகு அண்ணனிடம் கேட்டேன், “இத ஒரு தரம் படுக்க வெக்கட்டுமா?”

அவர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே. அவர் மனைவிதான் பாயைக் கொண்டுவந்து விரித்தார். வண்டியை மெல்லப் பாயில் சாய்த்தேன். பிறகு அதற்கு முதுகைக் காட்டிக் குந்தி, ஒரு கையால் கைப்பிடியையும் மறு கையால் இருக்கையடியையும் பிடித்து, காலால் தரையை உந்தி எழுந்தேன். மாலினி அக்கா செய்வதைப் பார்த்துப் பழகிய விதம். வண்டி என்னோடு எழுந்துவிட்டது.

அந்த அம்மா கைதட்டினார். அண்ணன் டேங்கில் ஒட்டிய பாய்த்தூசியை ஊதித் துடைத்தார். பிறகு, “எங்க ஓட்டப் போறே?” என்று கேட்டார். ஏரிகளின் பெயர்களைச் சொன்னேன். ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார். “அப்ப எடுத்துக்கோ. ஓடட்டும்” என்றார். அலுவலகம் வண்டிக்கென்று தந்த முன்பணமும் என் சேமிப்பும் சேர்ந்து போதுமானதாக இருந்தது. வாழைக்காய் பஜ்ஜி சாப்பிடாமல் விடமாட்டேன் என்றார் அந்த அம்மா. வாசற்படியில் பலகை போட்டு வண்டியை இறக்கினோம். வெளியே வந்ததும் அண்ணன் பீரோவிலிருந்து காகிதத்தில் சுற்றிய இரண்டு கண்ணாடிகளைக் கொண்டுவந்து மாட்டினார். தூசியைத் துடைத்து, என் உயரத்துக்குத் திருப்பி வைத்தார். “ரோட்டுக்குக் கண்ணாடி முக்கியம்மா” என்றார். நன்றி சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

வழியில் திருமுல்லைவாயிலுக்கு ஒரு சுற்று. பாலு வண்டியைச் சுற்றி வந்து பார்த்தான். மலைக்கு மூட்டை முடிச்சோடு போவதற்காகப் பின்பக்க ஸ்பிரிங்கை அண்ணன் நன்றாக இறுக்கி வைத்திருந்தாராம். “உன் வெயிட்டுக்கு இது எங்க அமுங்கறது?” என்று இரண்டு திருகு தளர்த்தினான். உட்கார்ந்து பார்த்தேன். இப்போது ஒரு கால் விரல்கள் முழுதாகத் தரையைத் தொட்டன.

ஞாயிறு காலை அம்மாவின் முறை. தெருமுனைப் பிள்ளையார் கோயிலில் பூசை போடாமல் வண்டி நகரக்கூடாது. கைப்பிடியில் மாலை, டேங்கில் சந்தனம் குங்குமம், சக்கரத்துக்கடியில் எலுமிச்சம்பழம். நான் கிளச்சை விட்டேன். பழம் நசுங்கவில்லை. டயரின் இரண்டு கட்டைகளுக்கு நடுவே வாகாக மாட்டிக்கொண்டு, சக்கரத்தோடு ஒரு சுற்றுச் சுற்றி, எதிரே நின்ற நைனாவின் வேட்டியில் போய் விழுந்தது.

அம்மாவின் முகம் வாடிவிட்டது. பூசாரிதான் காப்பாற்றினார். “பழமே ஒடையலன்னா வண்டிக்கு ஒண்ணும் ஆவாது, போம்மா” என்றார்.

“சாரி கார்டு இல்லாம வண்டியா?” என்று அம்மா அடுத்ததைப் பிடித்தார்.

“கீதும்மா, பின்னால பாரு. நீ எப்ப ஏறப் போறே?”

“நான் ஏறுவேன், ஏறாம போறேன். இருக்கணுமில்ல?”

மாலையைக் கழற்றி அம்மாவிடம் கொடுத்துவிட்டு, வெள்ளியன்று அலுவலகத்திலிருந்து எடுத்துவந்த கருவிப் பெட்டியைப் பின்னால் கட்டிக்கொண்டு ஏரிக்குக் கிளம்பினேன். நைனா தன் பழைய மொபெட்டில் பின்னாலேயே வந்தார். நாளைக்கு முன் ஒருமுறை முழுக் கரையையும் ஓட்டிப் பார்த்துவிட வேண்டும்.

கல்தூண்களுக்கு நடுவே, எண்பத்தைந்துக்குள் எண்பத்திரண்டு, கவலையே இல்லாமல் நுழைந்தேன். டக் என்று ஒரு சத்தம். வண்டி நின்றது. இடது கண்ணாடி இடது தூணில், வலது கண்ணாடி வலது தூணில்.

ஷோரூமில் நின்ற வண்டிக்குக் கண்ணாடியே இல்லை. டெலிவரியின்போதுதான் மாட்டுவார்கள். ஐயப்பன்தாங்கல் வண்டிக்கும் இல்லை. ஏனென்றால், கழற்றினால்தான் அது ஹால் கதவில் நுழைந்திருக்கும். இரண்டையும் டேப் வைத்து அளந்தவள் நான். கண்ணாடியை அண்ணன் என் கண்ணெதிரே மாட்டினார், அதற்கும் நன்றி சொல்லிவிட்டு வந்தேன். அளவெடுப்பதே என் தொழில்.

நிமிர்ந்து நின்ற வண்டியில் கால் எட்டவில்லை. ஆனால் கை எட்டியது. தூணைப் பிடித்துக்கொண்டேன். இரண்டு கற்களுக்கும் நடுவே மாட்டியிருந்ததால் வண்டியும் விழவில்லை. நைனா மொபெட்டை நிறுத்திவிட்டு ஓடி வந்தார்.

“கல்ல ஒண்ணு புடுங்கிடலாமா பாப்பா?”

“ஊர்ல நம்மளப் புடுங்கிடுவாங்க நைனா. அந்த ஸ்பானர எடு.”

இறங்காமலே இரண்டு கண்ணாடிகளையும் தளர்த்தி உள்பக்கமாகத் திருப்பினேன். இரண்டு பக்கமும் ஒன்றரை ஒன்றரை சென்டிமீட்டர் விட்டு, வண்டி சந்தைக் கடந்தது. நைனா பின்னால் நின்று தன் கையால் அளந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

அதற்குப் பிறகு எல்லாம் சுகம். இரண்டாவது கியரில் எஞ்சின் முனகாமல் இழுத்தது. ஒருபக்கம் வெயிலில் மின்னும் நீர், மறுபக்கம் முன்பு நைனா நாற்று நட்ட வயல்கள், இப்போது பாதி அடுக்குமாடி. ஐம்பது மீட்டருக்கு ஒருமுறை நிறுத்தினேன். நிறுத்துவதற்கு முன் கண்ணால் தேடி, இடதுபக்கம் கெட்டியான புல்திட்டாகப் பார்த்து, உடலை நழுவவிட்டு ஒற்றைக் காலை ஊன்றினேன். முதல் பத்து முறை எண்ணிக்கொண்டே செய்தேன். அதன்பின் எண்ண மறந்துவிட்டேன். ஏரி நிரம்பினால் நீர் வழியும் கலங்கலுக்கு அருகே சகதியில் ஒருமுறை சறுக்கி விழுந்தேன். நைனா தூரத்தில் இருந்தார். அவர் வந்து சேர்வதற்குள் வண்டியை நிமிர்த்தி, பெட்டியைச் சரிபார்த்து, மறுபடி ஏறியிருந்தேன்.

“அடி கிடி பட்டுச்சா?” என்றார், மூச்சிரைக்க.

“எனுக்கா, வண்டிக்கா?”

“உனுக்குத்தான். வண்டிக்குத்தான் எலுமிச்சங்கா கீதே.”

திரும்பும்போது, கண்ணாடிகளை மறுபடி வெளியே திருப்பி இறுக்கிக்கொண்டு, வெளிவட்டச் சாலையில் ஏற்றிப் பார்த்தேன். கட்டை டயர் தாரில் வண்டு மாதிரி ரீங்கரித்தது. ராஜா வண்டியின் சோபாச் சுகம் இல்லை. எண்பதுக்கு மேல் கைப்பிடி கொஞ்சம் நடுங்கியது. எழுபதில் நாள் முழுக்கப் போகலாம். எனக்கு எழுபது போதும். லாரிகள் பின்னால் வருவது இரண்டு கண்ணாடியிலும் தெளிவாகத் தெரிந்தது. அண்ணன் சொன்னது சரிதான், சாலைக்குக் கண்ணாடி முக்கியம்.

ஆனால் ஒரு நாளைக்கு மூன்று ஏரி, ஏரிக்கு இரண்டு வாசல். ஒவ்வொரு முறையும் ஸ்பானர் பிடித்துக்கொண்டிருக்க முடியாது. நேராகப் பாலுவிடம் போனேன். கதையைக் கேட்டு அவன் கல்லாப்பெட்டியின் மேல் கவிழ்ந்து சிரித்தான்.

“டேப்பு வெச்சிகினு ஊரையே அளந்தியே மேடம், கண்ணாடி கண்ணுக்குத் தெர்லியா?”

“சிரிச்சு முடிச்சிட்டு வேலயப் பாரு.”

தட்டினால் மடங்கி, தட்டினால் நிமிரும் ஒரு ஜோடிக் கண்ணாடி அவனிடம் இருந்தது. அதை மாட்டினான். மடக்கினால் கைப்பிடி அகலத்துக்குள் அடங்குகிறதா என்று இந்தமுறை அவனே டேப்பைப் பிடித்து, அளவைச் சத்தமாகப் படித்துக் காட்டினான். நானும் ஒருமுறை அளந்துகொண்டேன். அவன் மனைவி கொண்டுவந்த டீயும் பட்டர் பிஸ்கட்டும் அன்றைக்கு மதியச் சாப்பாட்டுக்கும் சேர்த்து ஆகிவிட்டது.

திங்கட்கிழமை விடியும்போதே எழுந்துவிட்டேன். எட்டு மணிக்குப் பெயர் எழுதும்வரை அம்பத்தூரில் போய் நின்று, வண்டி கிடைத்துவிட்டது சார், கால் எட்டுகிறது சார் என்று விளக்கிக்கொண்டிருக்கலாம். தோன்றத்தான் செய்தது. அம்மா கட்டிக்கொடுத்த எலுமிச்சைச் சாதத்தைப் பெட்டியின் மேல் வைத்துக் கட்டினேன். நேற்று நசுங்காத அதே பழம்தான். வண்டியைத் தெருவில் இறக்கி, அம்பத்தூர்ப் பக்கம் திருப்பாமல் ஏரிப் பக்கம் திருப்பினேன்.

கல்தூண்களிடம் கண்ணாடிகளை ஒரு தட்டு. உள்ளே போனதும் மறுபடி ஒரு தட்டு. முதல் குச்சியை நட்டபோது கொக்குகள்கூட முழுதாக எழுந்திருக்கவில்லை. அளவை அலுவலகக் குழுவுக்கு அனுப்பினேன். ஐம்பது மீட்டர் தள்ளி இரண்டாவது. பிறகு மூன்றாவது. தினேஷ்தான் முதலில் பார்த்தார். ‘எங்கே இருக்கீங்க?’ என்று கேட்டார். படம் எடுத்து அனுப்பினேன். அதில் கரை, நீர், சேறு தெறித்த பச்சை வண்டி.

எட்டு மணிக்கு மேலாளரின் பட்டியல் வந்தது. குழுப் பொறுப்பாளர் என்ற இடத்துக்கு எதிரே என் பெயர். அதைப் படித்தபோது நான் பாரிவாக்கத்தில் இல்லை. அடுத்த ஏரியின் கலங்கலில் நின்று, குச்சியை நேராகப் பிடித்துக்கொண்டு, கருவியின் பச்சை விளக்குக்காகக் காத்திருந்தேன்.